நான் பூஜ்யம் என்று எழுதிய ஏரி

இந்த ஆண்டு நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒன்பது பேருக்கும் வணக்கம். பத்துப் பேர் என்று சொன்னார்கள். பட்டியலை வாங்கி எண்ணிப் பார்த்தேன், ஒன்பதுதான் வந்தது. பத்தாவது ஆள் யார், ஏன் வரவில்லை என்று இரண்டு நாளாக எனக்குக் கவலை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்றவர்களிடம் நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்வது நம் அலுவலகத்துப் பழக்கம். தொலைநோக்கியை எப்படி நிறுத்துவது, பெரிய கூட்டத்தைப் பத்துப் பத்தாக எப்படிப் பிரிப்பது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்துவிடுவார்கள். அதில் நான் புதிதாகச் சேர்க்க ஒன்றும் இல்லை. அரியலூர், பெரம்பலூர் பக்கத்து ஏரிகளில் இருபத்தேழு வருடம் எண்ணியிருக்கிறேன். அதில் ஒரு நாள் தப்பாக எண்ணினேன். எனக்குத் தெரிந்து ஒரு நாள். தெரியாமல் எத்தனை நாளோ, அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. அந்த ஒரு நாளைப் பற்றியும், அந்தத் தப்பிலிருந்து என்னைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டவர்களைப் பற்றியும் எழுதுகிறேன்.

முதலில் பறவையைத் தெரிந்துகொள்ளுங்கள். கொசு உள்ளான் என்று பெயர். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு உங்களில் பாதிப் பேர் சிட்டுக்குருவியா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். குருவியளவுதான் இருக்கும். ஒரு கோழிமுட்டையைத் தராசில் வைத்தால், எதிர்த்தட்டில் இரண்டு உள்ளான்களை வைத்தால்தான் முள் நேரே நிற்கும். கறுப்புக் கால், கறுப்பு அலகு. ஈரச் சேற்றின் ஓரத்தில் தையல் மிஷின் ஊசி மாதிரி குத்திக் குத்தி ஓடிக்கொண்டே இருக்கும். வரித்தலை வாத்து வந்திருக்கிறது என்றால் டவுனிலிருந்து குடும்பத்தோடு வந்து பார்ப்பார்கள். உள்ளானை யாரும் வந்து பார்ப்பதில்லை. படம் எடுத்தாலும் சேறுதான் பெரிதாகத் தெரியும்.

ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பூமியின் வடக்கு விளிம்பில், மரமே வளராத, கோடையில் சூரியன் மறையாத நிலத்தில் அது முட்டையிடுகிறது. தரையில் ஒரு சிறு பள்ளம், அதில் நாலு முட்டை. பெரும்பாலும் நாலுதான். அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும். பொரித்த அன்றே குஞ்சு எழுந்து நடந்து தன் இரையைத் தானே தேடும். தாயும் தகப்பனும் ஊட்டுவதில்லை. அங்கே குளிர் தொடங்குவதற்கு முன் பெரிய பறவைகள் தெற்கே கிளம்பிவிடும். குஞ்சுகள் பிறகு தாமாகக் கிளம்பி வரும். வழி காட்ட யாரும் கிடையாது. இமயமலைக்கு அந்தப் பக்கம் பிறந்தது, முன்னப்பின்னப் பார்க்காத நம் ஊர்ச் சேற்றில் வந்து இறங்கும். மார்கழி, தை எல்லாம் இங்கே இருந்துவிட்டு, முதுகில் செங்கல் நிறம் ஏறியதும் சித்திரையில் திரும்பும்.

திரும்புவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரம்தான் அதற்கு உயிர். நாள் முழுக்கத் தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும். அந்தக் கொழுப்பை எரித்துத்தான் பறக்க வேண்டும். அந்த நேரத்தில் சேறு பறிபோனால் பறவை நம் கண் முன்னால் சாகாது. கிளம்பிவிடும். எங்கேயோ, நமக்குப் பெயர் தெரியாத ஒரு மலைக்கு மேலே விழும். அங்கே விழுந்ததை யாரும் எண்ணமாட்டார்கள். என் வேலையில் என்னை மிகவும் பயமுறுத்திய விஷயம் இதுதான்.

இனி அந்த ஏரி. செந்துறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எது என்று சொல்லவில்லை, சொன்னால் நீங்கள் கூட்டமாகப் போவீர்கள். கோடையில் ஏரி வற்றியதும் சுற்றுப்பட்ட விவசாயிகள் அனுமதி வாங்கி, வண்டல் அள்ளித் தங்கள் மேட்டு நிலங்களில், கொல்லை என்பார்கள், கொண்டுபோய் அடிப்பார்கள். நல்ல காரியம். ஏரி ஆழமாகும், கொல்லை விளையும். அனுமதி கொடுப்பதற்கு முன்னால், வலசைப் பறவைகள் கிளம்பிவிட்டன என்று எங்கள் அலுவலகம் ஒரு வரி எழுதித் தரவேண்டும். ஏரிக்குப் போய்ப் பார்த்து அந்த வரியை எழுதுவது என் பொறுப்பு.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. சித்திரை பாதி. காலை ஏழு மணிக்கு ஏரியில் இருக்கவேண்டியவன். முதல் பஸ் வரவில்லை. இரண்டாவது பஸ் அரியலூரைத் தாண்டி சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, பிறகு டயர் வெடித்து நின்றது. எதிரே வந்த லாரிகளை எண்ணிக்கொண்டு நின்றேன், அறுபத்து மூன்று. ஏரியில் இறங்கியபோது மணி பதினொன்றே கால். மதியத்துக்கு மேல் பெரம்பலூர்ப் பக்கத்தில் இன்னொரு ஏரி பார்க்க வேண்டும். வலது முழங்கால் வேறு காலையிலிருந்து குத்திக்கொண்டிருந்தது. வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்ற சந்தேகம் ஒரு பக்கம்.

ஏரியில் நடுவில் கொஞ்சம் தண்ணீர். மேற்கே இரண்டு ஏக்கர் அளவுக்குக் கறுப்புச் சேறு. வழக்கமாக நான் கரையிலிருந்து இறங்கி நடந்து பார்ப்பவன். அன்று கரையிலேயே தொலைநோக்கியை நிறுத்தி, இடமிருந்து வலமாக ஒரு தடவை, வலமிருந்து இடமாக ஒரு தடவை, மறுபடியும் ஒரு தடவை பார்த்தேன். கானல் அலைந்தது. வெள்ளைக் கொக்கு நாலு. ஆள்காட்டி இரண்டு. உள்ளான் ஒன்றுகூட இல்லை. கிளம்பிவிட்டன என்று முடிவு செய்து, கொசு உள்ளான் என்ற கட்டத்துக்கு நேரே பூஜ்யம் போட்டுக் கையெழுத்திட்டேன். படிவத்தைப் படம் பிடித்து அலைபேசியில் மேலதிகாரிக்கு அனுப்பினேன். பன்னிரண்டரைக்கு அனுமதி கொடுத்தாயிற்று என்று பதில் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை.

பஸ்ஸுக்காகக் கரையில் கருவேல மரத்தடியில் நின்றேன். பத்து மாடு மேய்த்துக்கொண்டு ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். தலையில் ஈரத்துண்டு. எண்ணி முடித்தாயிற்றா என்று கேட்டார். முடித்தாயிற்று, எல்லாம் போய்விட்டது என்றேன்.

"எது போயிட்டுது?"

சின்ன உள்ளான் என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காலையில மாட்டுக் காலுக்குள்ள ஓடிக்கிட்டுத்தானே கெடந்துச்சு. இப்ப குளம்படியில குந்தியிருக்கும். நீங்க நிக்கிறதை எண்ணுறீங்க. இந்த வெயில்ல எதுங்க நிக்கும்?"

எனக்குக் கோபம் வந்தது. இருபத்தைந்து வருட அனுபவம், மூன்று தடவை பார்த்தேன் என்று ஏதோ சொன்னேன். அவர் வாதம் செய்யவில்லை. "எறங்கி நடந்து பாருங்க. செருப்பைக் கழட்டிட்டுப் போங்க, சேறு புடிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

செருப்பைக் கழற்றி இறங்கினேன். சேற்றின் மேல்பக்கம் காய்ந்து, அடியில் ஈரமாக இருந்தது. மாடு நடந்த இடமெல்லாம் குளம்படிப் பள்ளங்கள். முப்பது அடி போயிருப்பேன். காலடியிலிருந்து ஒரு மண்கட்டி எழுந்து பறந்தது. அப்படியே நின்றேன். கண் பழகியதும் தெரிந்தது. பள்ளத்துக்கு ஒன்றாக, முதுகு மட்டும் தரையோடு தரையாக, காற்றுக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிக் குந்தியிருந்தன. செங்கல் நிற முதுகு, காய்ந்த சேற்றின் நிறம், இரண்டும் ஒன்றுதான். என்னைச் சுற்றிச் சின்னச் சின்னக் கறுப்புக் கண்கள். மேற்கொண்டு நடக்காமல், கலைக்காமல், நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பி எண்ணினேன். இருநூற்று முப்பத்து நாலு.

கரைக்கு ஏறி வந்தபோது அந்தப் பெண் இல்லை. மறுநாள் விசாரித்தேன். வேற்றூர்க்காரர், சொந்தக்காரர் மாட்டை ரெண்டு நாள் பார்த்துக்கொள்ள வந்தவர், போய்விட்டார் என்றார்கள். மாட்டை எண்ணிய நான் அவர் பெயரைக் கேட்கவில்லை. எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் அவரைத்தான் முதலில் சொல்வேன். பெயர் சொல்ல முடியாதது என் குறை.

இனி நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். என் பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு முப்பத்தைந்து நிமிடம். அந்த முப்பத்தைந்து நிமிடமும் நான் அலைபேசியைத் தொடவில்லை. யாருக்கும் தெரியாது என்று ஒரு எண்ணம். பார்த்தது மாடு மேய்ப்பவர் ஒருவர்தான். நாளைக் காலை வண்டி இறங்கும், பறவை பறந்துவிடும், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் விசாரணை வரும், ஓய்வு பெறும் நேரத்தில் பெயர் கெடும். எழுதிய பூஜ்யம் பையில் இருந்தது, இருநூற்று முப்பத்து நாலு சேற்றில் இருந்தன. இரண்டையும் வைத்துக்கொண்டு என்னால் பஸ் ஏற முடியவில்லை.

மேலதிகாரியை அழைத்தேன். அவர் என் மகள் வயதுப் பெண். நாங்கள் மேடம் என்போம். திட்டுவார் என்று காத்திருந்தேன். எத்தனை பார்த்தேன், எங்கே பார்த்தேன் என்று கேட்டார். பிறகு, "சார், நீங்களே சொல்லிட்டதால இது தப்பு மட்டும்தான். வேற யாராவது வந்து சொல்லியிருந்தா அதுக்குப் பேரே வேற" என்றார். முதல் எண்ணிக்கை தவறு என்று உடனே எழுதி அனுப்பச் சொன்னார். ஆனால் அனுமதிக் கடிதம் பதினாலு விவசாயிகள் கைக்குப் போய்விட்டது. திருப்பி வாங்குவதென்றால் திங்கட்கிழமை ஆகும். பொக்லைன் நாளைக் காலை ஆறு மணிக்கு ஏரியில் இறங்குகிறது. தடுக்க நமக்கு இன்று அதிகாரம் இல்லை, போய்க் கேட்டுப் பாருங்கள் என்றார்.

பதினாலு பேரில் முதல் பெயர் கலியபெருமாள். பொக்லைனைப் பேசி வரவழைத்தவரும் அவர்தான். ஐம்பது வயதிருக்கும். நான் போனபோது வாசலில் டிராக்டர் டிரைலரின் பின்கதவுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கையைத் துடைக்கவே இல்லை, கிரீஸ் கையோடு கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மூன்று ஏக்கர் மேட்டுக்கொல்லை, எல்லாம் சுக்கான் கல், சுண்ணாம்புக் கட்டி. போன இரண்டு வருடமும் மக்காச்சோளம் முழங்கால் உயரத்திலேயே காய்ந்தது. வண்டலுக்கு மூன்று வருடமாக மனுக் கொடுத்து இப்போதுதான் கிடைத்திருக்கிறது. அறுபது டிரைலர் நடை அடித்தால் கொல்லை கொல்லையாகும். கோடை மழை ஒன்று விழுந்தால் ஏரிக்குள் வண்டி இறங்காது, அடுத்த வருடம்தான். இதையெல்லாம் அவர் சண்டையாகச் சொல்லவில்லை.

அவர் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே சொன்னார். "குருவிக்கு ஆபீஸ்ல ஆள் வெச்சிருக்காங்க. எங்களுக்கு யாருங்க இருக்கா?" காபி நன்றாக இருந்தது. குடிக்கக் கூச்சமாக இருந்தது.

கலியபெருமாள் கேட்டார். "எத்தனை நாள்ல கிளம்பும்?"

எட்டு நாள், பத்து நாள் ஆகலாம் என்றேன்.

"எட்டா, பத்தா? நீங்க எண்ணுறவராச்சே."

ஒரு எண்ணைச் சொல்லத்தான் வாய் வந்தது. எட்டு என்று சொல்லியிருந்தால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. காற்று திரும்பவேண்டும், உடம்பு தேறவேண்டும், எந்த நாள் என்று அதற்கே தெரிந்திருக்காது. "தெரியாதுங்க" என்றேன். என் பணிக்காலத்தில் இந்த வார்த்தையை நான் அதிகம் சொன்னதில்லை.

அவர் கிரீஸ் டப்பாவை மூடினார். "காலையில தெரியும்னு எழுதிக் குடுத்தீங்க. இப்ப தெரியாதுங்கிறீங்க. ரெண்டுல இப்ப சொல்றதுதான் நெசம் மாதிரி இருக்கு."

நிறுத்துகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. காலையில் ஏரியில் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். நான் அன்று ஊருக்குத் திரும்பவில்லை. செந்துறையில் தெரிந்தவர் வீட்டில் படுத்து, ஓட்டுக்கூரையின் கைமரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது.

மறுநாள் ஐந்தரைக்கு நான் போனபோது கலியபெருமாள் எனக்கு முன்னால் வந்து சேற்றின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பத்தடி முன்னால் உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கரையிலிருந்து கருவேலக் குச்சிகளை வெட்டி, சேறு தொடங்கும் இடத்தில் தெற்கு வடக்காக ஊன்ற ஆரம்பித்தார். நான் ஒன்று ஊன்றினால் அவர் மூன்று ஊன்றினார். மொத்தம் நாற்பத்தொன்று. பொக்லைன் வந்தது. மற்றப் பதிமூன்று பேரும் டிராக்டர்களோடு கரையில் நின்றார்கள்.

"இந்தக் குச்சிக்கு மேற்கால என் வண்டி வராது. கெழக்கால அள்ளுறவங்க அள்ளுங்க. மேற்கால அதுங்க கிளம்புன பொறவு" என்றார் கலியபெருமாள்.

பொக்லைன் அவர் பேசி வந்தது. அது எங்கே போகிறதோ அங்கேதான் மற்றவர்களும் போகவேண்டும். முணுமுணுப்பு எழுந்தது. கிழக்கே மணல் கலந்த மண். மேற்கேதான் வெண்ணெய் மாதிரி வண்டல். அது எல்லோருக்கும் தெரியும். நான் ஒவ்வொருவரிடமும் போய், தப்பு என்னுடையது, அவர் மேல் வருத்தப்படாதீர்கள் என்றேன். பத்துப் பேர் கேட்டுக்கொண்டார்கள். இருவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவர் டிராக்டரில் உட்கார்ந்தபடியே, "கலியபெருமாளு, குருவிக்கெல்லாம் ரேஷன் கார்டு வாங்கிட்டியா? சர்க்கரை எத்தனை கிலோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு வண்டிகள் கிழக்கே இறங்கின. கலியபெருமாள் தன் வண்டியை இறக்கவில்லை. மணல் மண் அவர் கொல்லைக்கு ஆகாது.

நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அங்கேயே இருந்தேன். தினமும் காலையில் செருப்பில்லாமல் இறங்கி எண்ணினேன். இருநூற்று முப்பத்து நாலு. மறுநாளும் அதே. பிறகு இருநூற்று நாற்பத்தொன்று. எங்கிருந்தோ ஏழு சேர்ந்துகொண்டது. நாலாம் நாளிலிருந்து வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. ஓடும்போது அடிவயிறு குலுங்கியது. திங்கட்கிழமை மேடம் அனுமதியைத் திருத்தி அனுப்பினார். மேற்குப் பகுதிக்கு நான் மறுபடி எழுதித் தரும் வரை தடை. அந்தத் தாளை நான் கொண்டுபோய்க் காட்டியபோது கலியபெருமாள் படித்துவிட்டு, குச்சி ஊன்றியாயிற்றே, இது எதற்கு என்றார்.

அவர் தினமும் மாலையில் வருவார். ஒரே கேள்விதான் கேட்பார், கிளம்புமா என்று. தெரியாது என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தில் உட்காருவார். மேற்கே பச்சைமலைப் பக்கம் தினமும் மேகம் கூடியது. ஐந்தாம் நாள் மின்னல். வானத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் அவர் கண் அங்கேதான் போகும். என் கண்ணும்.

ஆறாம் நாள் மாலை காற்று ஈரமாக வீசியது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மனிதன் மூன்று வருடம் கேட்டு வாங்கியது என் ஒரு பூஜ்யத்தால் கைநழுவப் போகிறது. பறவைகள்தான் தேறிவிட்டனவே, இன்றே கிளப்பிவிட்டால் என்ன என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமல்ல. தோளிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு குச்சிகளைத் தாண்டி இறங்கிவிட்டேன். இருபத்தைந்து வருடம் பறவையைப் பார்த்துக் கொண்டிருந்தவன் பறவையை விரட்டப் போனேன்.

கலியபெருமாள் பின்னாலேயே வந்து கையைப் பிடித்தார். "வேணாம் சார். வெரட்டுறதுன்னா நான் மொத நாளே வெரட்டியிருப்பேனே."

கரைக்கு வந்து உட்கார்ந்தோம். அவர் வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

ஏழாம் நாள் காற்று தெற்கேயிருந்து வந்தது. பொழுது சாய்கிற நேரம். மேய்ந்துகொண்டிருந்தவை ஒவ்வொன்றாக நின்றன. இறகைக் கோதின. மெல்லிய குரலில் ஒன்றையொன்று கூப்பிட்டன. அந்தக் குரல் ஏரி முழுக்கப் பரவியது. பிறகு ஒரே மூச்சில் எழுந்தன. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றின, இன்னொரு சுற்று, மூன்றாம் சுற்றில் உயரம் பிடித்தன. திரும்பும்போது வயிறு வெள்ளையாக மின்னியது, மறுபடி திரும்பியபோது ஒன்றுமே இல்லாதது போல் மறைந்தது. வடக்கே ஒரு புகை மாதிரி போயின.

எத்தனை என்று கலியபெருமாள் கேட்டார். நான் எண்ணவில்லை. எண்ணவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மறுநாள் விடியும்போது இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு மேற்குச் சேற்றில் இறங்கினோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். குளம்படி குளம்படியாகப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. படிவத்தில் பூஜ்யம் எழுதி, சாட்சி என்று அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கினேன். படிவத்தில் அதற்கு இடம் கிடையாது. ஓரத்தில் போட்டார். மேடம் பத்து நிமிடத்தில் அனுமதி அனுப்பினார். ஆறரைக்குப் பொக்லைன் மேற்கே இறங்கியது.

பதினொன்றரைக்கு மழை வந்தது.

அவருக்குக் கிடைத்தது பதினெட்டு நடை. பத்தொன்பதாவது பாதி நிரம்பியிருந்தபோது வானம் உடைந்துகொண்டு கொட்டியது. வண்டியை மேலே ஏற்றவே மூன்று பேர் தள்ளவேண்டியிருந்தது. டிரைலரின் அடியில் ஒதுங்கி நின்றோம். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முதல் நாளே மேற்கே இறங்கியிருந்தால் அறுபதும் அடித்திருப்பீர்கள், நான்தான் காரணம், மன்னித்துவிடுங்கள் என்றேன். மழைச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

"மழை பெய்ஞ்சதுக்கு யாராச்சும் மன்னிப்புக் கேப்பாங்களா? வுடுங்க சார். பதினெட்டு நடைக்கு ஒரு ஏக்கரு கிட்டத் தேறும். மீதிக்கு அடுத்த வருஷம் மொத ஆளா எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். ஓய்வு பெறும் முன் நான் கையெழுத்திட்ட கடைசிக் கடிதங்களில் அது ஒன்று. மனுக்களின் வரிசை என் கையில் இல்லாததால், பட்டியலில் அவர் பெயருக்கு மேலே யாரும் வந்துவிடக்கூடாதே என்று நாலு தடவை அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது தடவையே மேடம் சிரித்துவிட்டார்.

உங்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உச்சி வெயிலில் எண்ணாதீர்கள். எண்ணியே ஆகவேண்டுமென்றால் இறங்கி நடந்து எண்ணுங்கள். பூஜ்யம் எழுதும்போது மற்ற எண்களைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பூஜ்யம் எழுதிய இடத்துக்கு அதன் பிறகு யாரும் போய்ப் பார்ப்பதில்லை. தப்பு என்று தெரிந்தால் அடுத்த பஸ்ஸுக்குள் சொல்லிவிடுங்கள். யாராவது நாள் கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். இவற்றில் ஒன்றுகூட நானாகக் கண்டுபிடித்தது இல்லை.

அந்த வருடம் புரட்டாசியில் ஒரு நாள், பெரம்பலூரில் முழங்காலைக் காட்டுவதற்காக மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் பதினாறு பேர். கலியபெருமாள் அழைத்தார்.

"சார், வந்திருக்கு."

எத்தனை என்று கேட்டேன்.

"எண்ணலீங்க. கிட்டப் போனா எந்திரிச்சிடும். வந்த களைப்புல இருக்கும், பாவம்."

வரிசையை விட்டு எழுந்து பஸ் ஏறினேன். நாலரைக்கு ஏரியில் இருந்தேன். பொக்லைன் தோண்டிய பள்ளங்களில் மழைத்தண்ணீர் தேங்கி, அந்த ஓரமெல்லாம் புதுச் சேறு. அதில் குத்திக் குத்தி ஓடிக்கொண்டிருந்தன. முதுகு இறகுகளின் ஓரம் வெள்ளையாக, புத்தம் புதிதாக இருந்தது. எல்லாம் இந்த வருடக் குஞ்சுகள். போன சித்திரையில் இங்கே இருந்தவை இல்லை. அவற்றின் பிள்ளைகளாக இருக்கலாம், வேறு யாருடைய பிள்ளைகளாகவும் இருக்கலாம் என்று கலியபெருமாளிடம் சொன்னேன். வழி சொல்ல ஆளில்லாமல் வந்தவை என்றும் சொன்னேன்.

அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நாம குச்சி ஊனுனதெல்லாம் இதுங்களுக்குத் தெரியாது."

தெரியாது என்றேன்.

"தெரிய வேணாங்க. எடம் இருந்தாப் போதும்."

நான் படிவத்தை எடுத்துக்கொண்டு எண்ணுவதற்கு இறங்கப் போனேன். சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். இருட்டும் வரை கரையில் உட்கார்ந்திருந்தோம். அன்றைய படிவத்தில், எண்ணிக்கை எழுதவேண்டிய கட்டத்தில், 'வந்திருக்கின்றன' என்று எழுதி அனுப்பினேன். மேடம் அதைத் திருப்பி அனுப்பவில்லை.